பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடியும் பி.டி.: இந்த மருத்துவமனைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு

வயிற்றில் டியூப் வைத்து, அது வழியாக மருந்துத் தண்ணீரை ஏற்றி வடித்து வீட்டிலேயே டயாலிசிஸ் (பெரிட்டோனியல் டயாலிசிஸ், சுருக்கமாக பி.டி.) செய்கிற ஒருவருக்கு அதே வயிற்றில் லேப்ராஸ்கோபி ஆபரேஷன் என்று ஆகிவிட்டால், மறுபடி எப்போது தண்ணீர் ஏற்றலாம், எவ்வளவு ஏற்றலாம், யாரிடம் கேட்பது என்று குழம்பி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரையால் கிட்னி போனது. பேக் மாற்றுவது பெரும்பாலும் நான்தான். டியூப் வைத்தது, எனக்குப் பயிற்சி கொடுத்தது எல்லாம் இந்த மருத்துவமனையின் பி.டி. யூனிட். பித்தப்பையில் கல் அடைத்து, அதை எடுத்ததும் இதே கட்டடத்தில் மேல்மாடியில்தான். அதனால் நான் மதிப்பெண் போடுவது இரண்டு பிரிவுக்கு. பி.டி. யூனிட்டுக்கு ஐந்துக்கு ஐந்து. சர்ஜரி வார்டுக்கு மூன்று. சேர்த்து நாலு போட்டிருக்கிறேன்.

பித்தப்பையை எடுக்க வேண்டும் என்று முடிவானதும் நாங்கள் முதலில் போனது பி.டி. யூனிட்டுக்கு. அங்கே இருக்கிற சிஸ்டர் ஒருவர், பெயர் வேண்டாம், கேரளத்துக்காரர், நம் தமிழை நம்மைவிடத் தெளிவாகப் பேசுவார். விஷயத்தைக் கேட்டதும் அவர் செய்த முதல் வேலை, ஒரு காகிதத்தில் வயிறு ஒன்று வரைந்தது. டியூப் எந்த இடத்தில் வெளியே வருகிறது, தோலுக்கு அடியில் எந்த வழியாகப் போகிறது, எங்கே வயிற்றுக்குள் இறங்குகிறது என்று கோடு போட்டார். பித்தப்பைக்குப் பொதுவாக நாலு ஓட்டை போடுவார்கள், அதில் தொப்புள் பக்கம் போடுவது பெரிய ஓட்டை, அதுதான் நம் டியூப்புக்குப் பக்கத்தில் வரும் என்று காட்டினார். அந்தக் காகிதத்தை எங்களிடமே கொடுத்து, சர்ஜனைப் பார்க்கும்போது மேசையில் வைத்துப் பேசச் சொன்னார். அதோடு விடவில்லை. கிட்னி டாக்டரை விட்டு சர்ஜனுக்கு எங்கள் எதிரிலேயே போன் போட வைத்தார். ஓட்டையைத் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே தள்ளிப் போடுவது, உள்ளே சதையின் கெட்டியான உறையையும் சேர்த்துத் தைப்பது, எல்லாம் அந்தப் போனிலேயே பேசி முடித்தார்கள்.

இதில் உறை தையல் என்பது சின்ன விஷயம் இல்லை. சாதாரண ஆளுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஓட்டை என்றால் தோலை மட்டும் ஒட்டிவிட்டாலே ஆறிப்போகும். பி.டி. ஆளுக்கு அந்த ஓட்டைக்குப் பின்னால் இரண்டு லிட்டர் தண்ணீர் வந்து உட்காரப்போகிறது. சரியாக ஆறுவதற்குள் ஏற்றினால், தண்ணீர் ஓட்டை வழியாகக் கசிந்து சதைக்குள் பரவும், இல்லையென்றால் வெளியே வரும். கிருமி அதே வழியாக உள்ளே போகும். கசிவு வராவிட்டாலும் பின்னால் அந்த இடத்தில் குடல் பிதுங்கி ஹெர்னியா ஆகலாம். வெளியே பார்த்தால் பொட்டு மாதிரி ஒரு தழும்புதான் இருக்கும். அதை வைத்து வயிறு தயார் என்று முடிவு கட்டக் கூடாது. இந்த ஒன்றை எங்கள் மண்டையில் ஏற்றியதற்காகவே இந்த யூனிட்டுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் எக்ஸ்சேஞ்ச், அதாவது பழைய தண்ணீரை வடித்துப் புதிதாக ஏற்றுவது, ஒன்று கூடுதலாகப் போடச் சொன்னார்கள். பிறகு பி.டி. இல்லாமல் இருக்கப்போகிறோம் என்பதால் முன்கூட்டியே கொஞ்சம் கழுவிவிடுவது. அன்று காலை யூனிட்டுக்கே வரச் சொல்லி, வயிற்றில் இருந்ததைச் சொட்டுவிடாமல் வடித்து, அதில் கொஞ்சம் எடுத்து செல் எண்ணிக்கை பார்க்க அனுப்பினார்கள். உள்ளே ஏற்கெனவே தொற்று இல்லை என்று தெரிந்த பிறகுதான் மேலே அனுப்புவார்களாம். டியூப் நுனியை மூடுகிற மினிகேப் என்ற மூடியைப் புதிதாகப் போட்டு, டியூப்பைச் சுருட்டி, பஞ்சு வைத்து ஒட்டி, அதன் மேல் பிளாஸ்டரில் பெரிய எழுத்தில் எழுதினார்: ‘பி.டி. டியூப், யாரும் திறக்காதீர்கள்’. ஆபரேஷனில் வயிற்றை வாயுவால் ஊத வைப்பார்கள் இல்லையா, அந்த நேரத்தில் டியூப் மூடியே இருக்க வேண்டும். மருந்து ஏற்ற வசதியாக ஒரு குழாய் தொங்குகிறதே என்று வார்டில் யாராவது கைவைத்துவிடுவார்கள் என்ற பயமும் அவருக்கு. இடது கையில் ஊசி குத்தக் கூடாது என்றும் எழுதி வைத்தார். பின்னால் ரத்த டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து பிஸ்டுலா போட வேண்டி வந்தால் அந்த நரம்பு வேண்டும். வலிக்கு டைக்ளோபெனாக் வகை ஊசி வேண்டாம், மிச்சம் இருக்கிற சிறுநீரும் நின்றுவிடும் என்று கிட்னி டாக்டர் சிவப்பு மையில் குறிப்பு வைத்தார். இத்தனையும் எங்கள் கேஸ் பைலின் முதல் பக்கத்தில் ஒட்டியே போனது.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. அதைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. சர்ஜன் கைராசிக்காரர். தோள்பட்டையில் வலி என்று இவர் சொன்னபோது நான் பதறினேன். உள்ளே மிச்சம் இருக்கிற வாயு உதரவிதானத்தைத் தொடுவதால் வருவது, நடக்க நடக்கப் போய்விடும் என்றார்கள். போயும்விட்டது.

குறை அதற்குப் பிறகுதான். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்தார்கள். மருந்து, தையல், சாப்பாடு எல்லாம் எழுதி, கடைசியில் ஒரே வரி: பி.டி.யை முன்போலவே தொடரவும். முன்போல என்றால் இரண்டு லிட்டர், ஒரு நாளைக்கு நாலு தடவை, எழுந்து நடமாடிக்கொண்டு. கீழ்த்தளத்தில் இத்தனை கவனமாக ஒரு பிரிவு இருக்க, மேல்மாடியில் யாரோ ஒரு இளம் டாக்டர் பழைய சம்மரியிலிருந்து அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். நான் பயிற்சி எடுத்தவள் என்பதால் நேராக யூனிட்டுக்குப் போய் நீட்டினேன். சிஸ்டர் படித்துவிட்டு எதுவும் பேசவில்லை. எழுந்து மேல்மாடிக்குப் போய், திருத்தி எழுதி முத்திரை போட்டு வாங்கி வந்தார். நமக்காக ஒருவர் மாடி ஏறுகிறார் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் தெரியாத குடும்பம் ஒன்று, வெளியூரிலிருந்து வந்தது, அந்தத் தாளை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருந்தால்? வீட்டுக்குப் போய் மாலையே இரண்டு லிட்டர் ஏற்றியிருப்பார்கள். மூன்று மதிப்பெண்ணுக்குக் காரணம் இதுதான். நிர்வாகம் இதைப் படித்தால், பி.டி. நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரி யூனிட்டின் கையெழுத்து இல்லாமல் வார்டைவிட்டுப் போகக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். பணம் செலவாகாத காரியம்.

சரி, வயிறு காலியாக இருந்த நாட்கள். இவருக்கு இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகிறது. அதை நம்பித்தான் இடைவெளி விட்டார்கள். கழுத்தில் குழாய் போட்டு ரத்த டயாலிசிஸ் செய்ய வேண்டி வரலாம் என்று முன்பே சொல்லி, கையெழுத்தும் வாங்கி வைத்தார்கள். சிறுநீர் சுத்தமாக நின்றுபோனவர்களுக்கு அது அநேகமாகத் தேவைப்படும். எங்களுக்குப் பொட்டாசியமும் உப்பும் தினமும் ரத்தத்தில் பார்த்து, தேவைப்படாமலே கடந்தது. அந்த நாட்களில் சாப்பாடுதான் தலைகீழாக மாறியது. பி.டி. செய்கிறவர்களுக்குப் பொட்டாசியம் தினமும் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதனால் பழம், கீரைக்கு ரத்த டயாலிசிஸ்காரர்கள் அளவுக்குக் கட்டுப்பாடு கிடையாது. எக்ஸ்சேஞ்ச் நின்றால் அந்தச் சலுகையும் நின்றுவிடும். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் இளநீரும் சாத்துக்குடியும்தானே தூக்கிக்கொண்டு வருவார்கள்? உணவு ஆலோசகர் அம்மா வார்டுக்கே வந்து, இளநீர், சாத்துக்குடி, வாழைப்பழம் எதுவும் தொடக் கூடாது, காய்களை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத் தாளியுங்கள், குடிக்கிற தண்ணீருக்கு ஒரு பாட்டில்தான் கணக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். என் நாத்தனார் கொண்டுவந்த இளநீரை நர்ஸ் அறையில் கொடுத்துவிட்டோம்.

மறுபடி தொடங்கிய முறைதான் இந்த யூனிட்டின் உண்மையான திறமை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது எங்கள் டாக்டர் இவர் உடம்பைப் பார்த்து வைத்த கணக்கு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆபரேஷன் வேறு, உடம்பு வேறு என்றால் கணக்கும் வேறாகத்தான் இருக்கும்.

முதலில் யூனிட்டில் படுக்க வைத்து அரை லிட்டர் ஏற்றி, உடனே வடித்தார்கள். வந்தது இளஞ்சிவப்பு. எனக்குக் கை நடுங்கியது. ஆபரேஷனில் கசிந்த ரத்தம் கொஞ்சம் தங்கியிருக்கும், கழுவக் கழுவத் தெளியும் என்றார் சிஸ்டர். நார் மாதிரி கட்டி வந்து டியூப்பை அடைக்காமல் இருக்க பேக்கில் ஹெப்பாரின் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கிற மருந்தைச் சேர்த்தார்கள். அது வயிற்றுக்குள் ஏற்றுகிற தண்ணீரில் மட்டும் வேலை செய்யும், ரத்தத்தில் பெரிதாகக் கலக்காது என்று சர்க்கரை ஊசி பற்றியே கவலைப்படுகிற இவருக்கு விளக்கினார்கள். இரண்டு மூன்று தடவை கழுவியதும் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. வடிந்த பேக்கை மேசைமேல் வைத்து, அடியில் தினத்தந்தியை விரித்து, எழுத்து படிக்க முடிகிறதா என்று பார்க்கச் சொன்னார். படிக்க முடிந்தால் தெளிவு. கலங்கி எழுத்து மறைந்தால், ராத்திரி எத்தனை மணியானாலும் பேக்கோடு கிளம்பி வா என்று உத்தரவு. இன்றைக்கும் எங்கள் வீட்டில் அப்படித்தான் பார்க்கிறோம்.

அதற்கு அப்புறம் சைக்கிளர். ராத்திரி தூங்கும்போது மெஷினே ஏற்றி இறக்கும் முறை. பகலில் வயிறு காலி. ஏன் அப்படி என்றால், படுத்திருக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் குறைவு. நின்றால் கூடும், உட்கார்ந்தால் இன்னும் கூடும். இருமினாலும் முக்கினாலும் எகிறும். ஆகவே தையல் ஆறுகிற வரை தண்ணீர் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் படுத்தே இருக்க வேண்டும், எழுந்து நிற்கும்போது தண்ணீர் இருக்கக் கூடாது. ஒரு தடவைக்கு ஒரு லிட்டர்தான். அளவு குறைந்ததை ஈடுகட்ட ராத்திரிக்குள் பல சுற்று. யூனிட்டில் கடனுக்குத் தருவதற்கென்று சைக்கிளர் வைத்திருக்கிறார்கள். வைப்புத் தொகை கட்டி, மாத வாடகைக்கு எடுத்தோம். டியூப் செட்டும் ஐந்து லிட்டர் பேக்கும் நம் செலவு. செட் ஒரு ராத்திரிக்குத்தான். காலையில் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

மெஷினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கேட்கிறார்கள். பழைய வி.சி.ஆர். பெட்டி அளவுதான். மேலே சூடாக்கும் தட்டு, அதில் ஒரு பேக் படுத்திருக்கும். முன்னால் கதவைத் திறந்து காசெட்டைச் செருகினால், திரையில் வருகிற வரி வரியாக நாம் செய்துகொண்டே போக வேண்டும். அதை இரண்டு நாளில் பழகலாம். கட்டிலுக்குச் சமமான உயரத்தில் மேசை வேண்டும். எங்கள் பழைய கட்டில் உயரம், மேசை தாழ்வு, அதனால் வடிதல் சரியாக இல்லை என்று அலாரம். இரண்டு செங்கல் வைத்து மேசையை உயர்த்தியதும் சரியானது. புரண்டு படுத்து டியூப் மடங்கினாலும் அலாரம் அடிக்கும். கரண்ட் போனால் நிற்கும், சீக்கிரம் வந்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பெரிய தொல்லை கடைசியாக வடியும்போது உள்ளே சுண்டி இழுக்கிற மாதிரி வலி. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமலே இருந்திருக்கிறார். முகத்தைப் பார்த்து நான்தான் சிஸ்டருக்குச் சொன்னேன். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தண்ணீரை உள்ளேயே விட்டுவைத்து, விடியற்காலையில் மட்டும் முழுதாக வடிக்கிற அமைப்புக்கு மாற்றிக் கொடுத்தார்கள். வலி அன்றைக்கே பாதிக்கு மேல் குறைந்தது. இப்படி ஒரு அமைப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. வலியைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள், கேளுங்கள்.

சைக்கிளர் வசதிப்படாதவர்களுக்குக் கையாலேயே செய்ய வழி சொல்லிக் கொடுப்பதையும் பார்த்தேன். எங்கள் பக்கத்து படுக்கையில் ஒரு பெண், மானாமதுரை பக்கம், ஹெர்னியாவுக்கு லேப்ராஸ்கோபியில் வலை வைத்தவர். அவர் அண்ணனுக்கு சிஸ்டர் ஒரு கொக்கித் தராசு கொடுத்தார். இரண்டு லிட்டர் பேக்கைத் தராசில் தொங்கவிட்டு, முள் பாதிக்கு இறங்கியதும் கிளாம்பை மூட வேண்டும். அத்தனையும் அந்தப் பெண் படுத்திருக்கிற நேரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை. அந்த அண்ணன் தப்பில்லாமல் செய்து காட்டிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு பேக் அரசுத் திட்டத்தில் வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சி.ஏ.பி.டி. (மெஷின் இல்லாமல் கையாலேயே செய்கிற பி.டி.) பேக் தருவதும் உண்டு. வசதி குறைந்தவர்கள் ரத்த டயாலிசிஸுக்கு வாரத்தில் பல நாள் டவுனுக்கு அலைவதைவிட அது எவ்வளவோ மேல். விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் மாலை இவருடைய தொப்புளுக்கு மேலே ஒட்டியிருந்த பஞ்சு ஈரமாக இருந்தது. காசு அளவுக்கு மஞ்சள் கறை. தண்ணீர் கசிகிறதோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. யூனிட் எண்ணுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். அன்று ராத்திரி மெஷினில் போட வேண்டாம், காலையில் வடித்த பேக்கை வைத்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வாருங்கள் என்றார் சிஸ்டர்.

அவர் பார்த்த விதத்தை அப்படியே சொல்கிறேன். முகக்கவசம், கையுறை போட்டு, பஞ்சை எடுத்து, தையலின் இரண்டு பக்கமும் விரலால் மெதுவாக அழுத்தினார். ஒரு சொட்டு வந்தது. சிறுநீரில் சர்க்கரை பார்க்கிற பட்டை ஒன்றை அதில் தொட்டார். இன்னொரு பட்டையை வடித்த பேக்கில் நனைத்தார். இரண்டையும் வெள்ளைத் துண்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பேக்கில் நனைத்தது கரும்பழுப்பாகப் போனது. தையலில் தொட்டது லேசான பச்சையோடு நின்றுவிட்டது. விஷயம் இதுதான்: நாம் ஏற்றுகிற ஒன்றரை சதவீத பேக்கிலேயே சர்க்கரை நூறு மில்லிக்கு 1,360 மில்லிகிராம் இருக்கும். ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. சில மணி நேரம் வயிற்றில் இருந்து குறைந்து வந்தாலும் அதிகம்தான். கசிவது பி.டி. தண்ணீர் என்றால் பட்டை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எங்களுக்கு வந்தது ஆறுகிற புண்ணிலிருந்து ஊறுகிற சாதாரண நிணநீர். லேசான பச்சை இவர் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரைக்கு. அப்படியும் கிட்னி டாக்டர் வந்து, விலாவில் வீக்கம் இருக்கிறதா, தொடை இடுக்கில், விதைப்பையில் உப்பியிருக்கிறதா என்று படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்த்த பிறகே அன்று ராத்திரி மறுபடி ஒரு லிட்டர் போடச் சொன்னார். தண்ணீர் வெளியே வராமல் சதைக்குள்ளேயே பரவுகிற கசிவும் உண்டு. எடை கூடும், வடிகிற அளவு குறையும், வயிறு ஒரு பக்கம் மட்டும் தடித்துத் தெரியும். பஞ்சு காய்ந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து நிம்மதியாக இருக்க முடியாது. அதனால் தினமும் காலையில் எடை, பி.பி., ஏற்றிய அளவு, வடிந்த அளவு நாலையும் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அனுப்பாத நாளில் அங்கிருந்து போன் வரும்.

பிறகு படிப்படியாக ஏற்றினார்கள். ஒரு லிட்டர், ஒன்றேகால், ஒன்றரை. ஒவ்வொரு படிக்கும் முன்னால் நேரில் வரவேண்டும். இருமச் சொல்லிப் பார்ப்பார்கள். ஒரு மாதத்தை ஒட்டித்தான் பகல் எக்ஸ்சேஞ்சுக்கு அனுமதி, அதுவும் முதலில் குறைந்த அளவில். இவர் அவசரப்பட்டார். பழையபடி காலையில் ஒரு பேக் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு நடந்து போக வேண்டும், அதுதான் அவர் கவலை. சர்ஜனே ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டாரே என்று வாதாடினார். டாக்டர் கோபப்படவில்லை. தோல் ஆறியதை சர்ஜன் சொல்கிறார், உள்ளே உறை ஆறுவதற்கு உங்கள் சர்க்கரையும் புரதமும் சம்மதிக்க வேண்டும் என்று, ரத்தத்தில் ஆல்புமின் என்கிற புரதம் குறைந்திருப்பதைக் காட்டிப் பேசினார். தினம் இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு அன்றிலிருந்துதான் ஆரம்பித்தது.

மலச்சிக்கலைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. இவர்கள் பேசினார்கள். முக்கினால் தையலுக்கு ஆபத்து, குடல் நிறைந்திருந்தால் டியூப் நகர்ந்து வடியாமல் போகும், கிருமியும் குடலிலிருந்து வயிற்றுக்குள் தாவலாம். ராத்திரி லாக்டுலோஸ் சிரப், அதோடு குந்தி உட்காருகிற கக்கூஸை இப்போதைக்கு விட்டுவிடச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் குந்துவதுதான். அதன்மேல் வைக்கிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று மருந்துக்கடையில் வாங்கிப் போட்டோம். வயிற்றுக்கு பெல்ட் கட்டுவதிலும் ஒரு திருத்தம் செய்தார்கள். சர்ஜரி வார்டில் கொடுத்த அகல பெல்ட் டியூப் வெளிவருகிற இடத்தில் உரசிக்கொண்டே இருந்தது. அந்த இடத்துக்கு வட்டமாக வெட்டு விட்டுத் தையல்காரரிடம் ஓரம் அடித்து வாங்கி வரச் சொன்னார் சிஸ்டர். உரசல் நின்றது.

யூனிட்டிலும் குறைகள் உண்டு. மாலை ஆறு மணிக்கு மேல் யூனிட் எண்ணுக்குப் போட்டால் கேஷுவால்டிக்குப் போகிறது. அங்கே எடுக்கிறவர்களுக்கு மினிகேப் என்றால் என்னவென்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களுக்கு வீடியோ காலில் உதவியது சிஸ்டரின் நல்ல மனசு, ஏற்பாடு அல்ல. அவர் லீவில் போனால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. எழுத்தில் தருகிற குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. எங்களுக்குக் கிடைத்த தமிழ்க் குறிப்பு சிஸ்டர் கையால் எழுதியது, அதைத்தான் ஜெராக்ஸ் எடுத்துப் பலர் வைத்திருக்கிறோம். ஒழுங்காக அச்சடித்துக் கொடுக்கலாம். கீழ்த்தள மருந்துக்கடையில் மினிகேப் அடிக்கடி இருப்பில் இல்லை. காத்திருக்கிற இடத்தில் கையில்லாத இரும்பு நாற்காலிகள், வயிற்றில் தையலோடு வருகிறவர் அதிலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருக்கிறது.

இப்போது இவர் இரண்டு லிட்டருக்குத் திரும்பிவிட்டார். சைக்கிளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், வைப்புத் தொகை பிடித்தம் இல்லாமல் கிடைத்தது. பகல் பேக் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கும் போகிறார், தண்ணீர்க் குடம் மட்டும் தூக்க விடுவதில்லை. தொப்புள் பக்கம் புடைப்பு தெரிகிறதா என்று ஒவ்வொரு முறை போகும்போதும் இன்னும் கைவைத்துப் பார்க்கிறார்கள்.

பித்தப்பை, ஹெர்னியா, குடல்வால் என்று எதுவானாலும் லேப்ராஸ்கோபி என்று தேதி குறிக்கும் முன் இந்த யூனிட்டில் ஒரு முறை பார்த்துப் பேசிவிடுங்கள். வெளி மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொள்வதாக இருந்தாலும் பேசுகிறார்கள், சர்ஜனுக்குக் கடிதம் தருகிறார்கள். சைக்கிளர் வேண்டும் என்றால் அப்போதே சொல்லி வையுங்கள். கடனுக்குத் தருவதற்கு அவர்களிடம் இருப்பது சில மெஷின்கள்தான், முன்பே கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கிறது.